மூர்மான்ஸ்க் துறைமுகம் ஏன் உறைவதில்லை?

கேள்வி: ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கிறது. ஆனாலும் அதன் துறைமுகம் குளிர்காலத்தில் உறைவதில்லை. வெகு தெற்கில், ரஷ்யாவின் கிழக்குக் கரையிலுள்ள விளாடிவோஸ்டாக் நகரிலோ கடல் உறைந்துவிடுகிறது. இதற்குக் கடல் நீரோட்டம்தான் காரணமா?

பதில்: மூர்மான்ஸ்கைப் பொறுத்தவரை ஆம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஃபுளோரிடா நீரிணை வழியாக நொடிக்கு ஏறத்தாழ 3 கோடி கன மீட்டர் வெதுவெதுப்பான நீர் வெளியேறுகிறது. இந்த வளைகுடா நீரோட்டத்தின் ஒரு கிளை வட அட்லாண்டிக் நீரோட்டமாக ஐரோப்பாவை நெருங்கி, நார்வேயின் கரையோரமாக மேலேறி, கடைசியில் மூர்மான்ஸ்கை ஒட்டிய பேரண்ட்ஸ் கடலுக்குள் நுழைகிறது. வழிநெடுகக் குளிர்ந்துகொண்டே வந்தாலும் 69 பாகை வடக்கில்கூட அது உறைநிலைக்கு மேலேயே இருக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1916-இல், ரஷ்யப் பேரரசு அங்கே நகரம் அமைத்ததற்கு இந்த உறையாத நீரே காரணம்.

இவ்வளவு தூரம் வெப்பத்தைச் சுமந்துவர நீரால் எப்படி முடிகிறது என்பதுதான் இதில் வியப்புக்குரியது. கடலின் மேல்மட்டத்தில் சுமார் 3 மீட்டர் ஆழம் வரையுள்ள நீர் மட்டுமே, முழு வளிமண்டலத்துக்கும் ஈடான வெப்பத்தைத் தேக்கிவைக்கக் கூடியது.

ஆனால் விளாடிவோஸ்டாக்கின் கதையை நீரோட்டம் ஒன்றைக்கொண்டே விளக்கிவிட முடியாது. பிரான்சின் மார்செய் நகரைப் போலவே அதுவும் 43 பாகை வடக்கில் இருக்கிறது. அதன் கரையை ஒட்டி வடக்கிலிருந்து குளிர்ந்த நீரோட்டம் வருவது உண்மைதான். அதைவிட முக்கியமானது, குளிர்காலம் முழுவதும் சைபீரிய நிலப்பரப்பிலிருந்து கடலை நோக்கி வீசும் கடுங்குளிர்க் காற்று. மேற்கு ஐரோப்பாவில் காற்று பெரும்பாலும் கடலிலிருந்து நிலத்துக்கு வீசுவதால், கடல் தேக்கிய வெப்பம் மக்களைச் சென்றடைகிறது. ஐரோப்பாவின் மிதமான குளிருக்கு வளைகுடா நீரோட்டத்தை மட்டும் காரணமாகச் சொல்லும் பழைய பாட விளக்கம் இந்தக் காற்றை விட்டுவிடுகிறது.

வெப்பத்தை இழந்த உப்பு மிகுந்த நீர் அடர்த்தி கூடி, வட அட்லாண்டிக்கின் வடபகுதிகளில் ஆழத்துக்கு இறங்கித் தெற்கே திரும்புகிறது. 2004 முதல் 26.5 பாகை வடக்கில், கடலுக்குள் நிறுத்திய கருவிகளால் இந்தச் சுழற்சியைத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். புவி வெப்பமடைந்து, கிரீன்லாந்தின் பனி உருகி நன்னீர் கலக்கும்போது மேல்நீரின் அடர்த்தி குறைந்து அது மூழ்குவது தடைப்படும் என்பதால், இந்த நூற்றாண்டில் சுழற்சி வலுவிழக்கும் என்றே காலநிலை மாதிரிகள் காட்டுகின்றன.