நான் நேரில் காணாத என் இலத்தீன் ஆசிரியர்

கேள்வி: ஒருமுறைகூட நேரில் சந்திக்காத ஒருவர் உங்களுக்கு ஆசிரியராக அமைந்ததுண்டா?

உண்டு. அவர் பெயர் ரெஜினால்டு ஃபாஸ்டர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் 1939 நவம்பர் 14 அன்று பிறந்து, இளம் வயதிலேயே கார்மேல் சபையில் சேர்ந்து, வாழ்நாளில் பெரும்பகுதியை ரோமில் இலத்தீன் எழுதுவதிலும் கற்பிப்பதிலும் கழித்து, பிறந்த ஊருக்கே திரும்பி, 2020 கிறிஸ்துமஸ் நாளில் தம் 81ஆம் வயதில் காலமான துறவி அவர். அவர் இறந்த செய்தியைப் படித்தபோது அவருடைய நூலில் ஏறத்தாழ நடுப்பகுதியில் இருந்தேன். மீதியைப் படித்து முடித்ததும் அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், அதுவும் இலத்தீனிலேயே எழுத வேண்டும் என்று எண்ணியிருந்தேன். அது நடக்கவில்லை.

இலத்தீன் கற்க நான் முனைந்ததற்கு வீரமாமுனிவர் காரணம். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அவர் 18ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் மொழிபெயர்த்திருக்கிறார். அதை இன்னொருவர் சொல்லிக் கேட்காமல் நானே படித்துவிட வேண்டும் என்ற ஆசையில் ஒரு பழைய இலக்கண நூலை வாங்கி, பெயர்ச்சொற்களின் ஐந்து வகைகளையும் வினைச்சொற்களின் நான்கு வகைகளையும் அட்டவணை அட்டவணையாக மனப்பாடம் செய்தேன். ஓராண்டு கழிந்தபோது எந்த அட்டவணையைக் கேட்டாலும் ஒப்பிக்க முடிந்தது. ஆனால் பண்டைய ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோவின் நான்கு வரிக் கடிதம் ஒன்றைக் கையில் எடுத்தால், எந்தச் சொல் எதனோடு போய்ச் சேர்கிறது என்பது விளங்கவில்லை. எனக்கு மொழி வராது என்றே முடிவுகட்டிப் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

சில ஆண்டுகளுக்குப் பின் கைக்கு வந்தது ஃபாஸ்டரின் நூல். அதன் பெயர் ‘ஒஸ்ஸா லத்தீனிதாத்திஸ் சோலா’. ‘இலத்தீனின் வெறும் எலும்புகள்’ என்று சொல்லலாம். தம் மாணவரும் பெனடிக்ட் சபைத் துறவியுமான டேனியல் மெக்கார்த்தியோடு சேர்ந்து 2016இல் அவர் வெளியிட்ட இந்நூல் 800 பக்கங்களைத் தாண்டியது. அதில் மனப்பாடம் செய்வதற்கென்று அட்டவணைகள் கிடையாது. பாடங்களுக்குப் பாடம் என்ற பெயரும் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு ‘சந்திப்பு’. தொடக்கக்காரருக்கென்று இட்டுக்கட்டிய எளிய வாக்கியங்களுக்குப் பதிலாக, முதலிலிருந்தே மெய்யான ஆசிரியர்களின் மெய்யான வரிகள் வருகின்றன. பிளாட்டஸின் நாடகமும் அகஸ்டினின் எழுத்தும் மறுமலர்ச்சிக் காலத்து எராஸ்மஸும் ஒன்றையடுத்து ஒன்றாக வருவார்கள், ஏனெனில் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேலாக எழுதப்பட்ட இலத்தீன் முழுவதும் அவருக்கு ஒரே மொழி. அதில் ஒரு நூற்றாண்டை மட்டும் செம்மையானது என்று பிரித்தெடுத்து, மற்றதைத் தள்ளிவிடுவதை அவர் ஏற்கவில்லை.

தமிழ் படித்தவன் என்ற முறையில் என்னை அந்த நூலில் முதலில் நிறுத்தியது அவர் வேற்றுமைகளுக்கு வைத்த பெயர்கள். ‘அப்லேட்டிவ்’, ‘டேட்டிவ்’ போன்ற மரபான பெயர்களை அவர் ஒதுக்கிவிட்டு, அந்த வடிவம் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறதோ அதையே பெயராக வைக்கிறார். ஒன்று எழுவாய், ஒன்று செயப்படுபொருள், இன்னொன்று நம் ‘ஆல், ஓடு, இலிருந்து, இல்’ என்பவற்றைச் சேர்த்துச் சொன்னாற்போன்ற ஒரு பெயர். வினையின் காலங்களுக்கும் பெயரில்லை, ஒன்று முதல் ஆறு வரை எண்கள்தாம். தொல்காப்பியம் வேற்றுமைகளை ‘பெயர், ஐ, ஒடு, கு, இன், அது, கண், விளி’ என்று உருபைக் கொண்டே பெயரிடுவதைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த அணுகுமுறை வேற்றார் வீட்டுப் பழக்கமாகத் தோன்றாது. சொல்லின் இறுதியைக் கவனி, வினை வரும்வரை பொறுத்திரு என்பதை அவர் ஓயாமல் சொல்கிறார். எழுவாய் முன்னே வந்தாலும் பின்னே வந்தாலும் உருபைப் பார்த்துப் பொருள் கொள்வதும், வாக்கியம் முடியும் வரை வினைமுற்றுக்காகக் காத்திருப்பதும் நாம் குழந்தைப் பருவம் முதல் செய்துவரும் காரியங்களே. ஓராண்டாக நான் இலத்தீனை ஆங்கிலத்தின் வழியாகவே அணுகிக்கொண்டிருந்தேன் என்பதும், என் தாய்மொழி திறந்து வைத்திருந்த வாசலைப் பார்க்கவே இல்லை என்பதும் அன்றுதான் புரிந்தது.

அவருடைய வீட்டுப்பாடத் தாள்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவற்றை அவர் ‘லூதி தொமெஸ்திசி’, அதாவது ‘வீட்டு விளையாட்டுகள்’ என்று அழைத்தார். ‘லூதுஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்கு விளையாட்டு என்றும் பொருள், சிறுவர்கள் எழுத்துக் கற்கும் பள்ளி என்றும் பொருள். நீண்ட தாளில் ஒரு மூல வாசகத்தைத் தந்துவிட்டு, அதன் ஒவ்வொரு வளைவிலும் நின்று கேள்வி கேட்பார்: இச்சொல் எதைச் சார்ந்தது, ஒருமையைப் பன்மையாக்கினால் எப்படி மாறும், அதே பன்மையைத் திருப்பினால் என்ன ஆகும், இதே கருத்தை வேறு காலத்தில் எப்படிச் சொல்வாய்? விடை நூலின் பின்பக்கத்தில் இருக்காது. பெரிய அகராதி ஒன்றை, அதுவும் 1879இல் வெளிவந்த லூயிஸ்-ஷார்ட் அகராதியை, பக்கத்தில் வைத்துக்கொண்டு நாமேதான் தேட வேண்டும். பல்லாண்டுகளாக இத்தகைய தாள்களை அவர் மாணவர்களுக்காகத் தாமே உருவாக்கினார், அவர்கள் எழுதித் தந்த விடைகளைத் தம் கையாலேயே திருத்தினார். ஓர் ஆசிரியரின் உழைப்பை அவருடைய நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பவர்கள், 76 வயதில் முதல் பெருநூலை வெளியிட்ட இவரைப் பிந்தி விழித்தவர் என்று நினைக்கக்கூடும். அதற்கு முன் அவர் எழுதியவையெல்லாம் மாணவர்களின் கோப்புகளில் இருந்தன.

ரோமில் அவருக்கு இரண்டு பணிகள் இருந்தன. ஒன்று வத்திக்கான் செயலகத்தின் இலத்தீன் பிரிவில், ஆறாம் பவுல், முதலாம் யோவான் பவுல், இரண்டாம் யோவான் பவுல், பதினாறாம் பெனடிக்ட் ஆகிய நான்கு திருத்தந்தையரின் காலத்தில், ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆவணங்களையும் கடிதங்களையும் இலத்தீனில் ஆக்கியது. உலகம் அவரை அறிந்தது பெரும்பாலும் இதனால்தான். அவர் துறவாடை அணியாமல் நீல நிறத் தொழிலாளர் உடையில் அந்த அலுவலகத்துக்குச் சென்று வந்ததும் பலராலும் எழுதப்பட்டது. அவருடைய தந்தை பிளம்பர். எளியவர்கள் உடுத்துவதையே துறவியும் உடுத்த வேண்டும் என்று அவர் கருதினார்.

எனக்கு முக்கியமாகப்படுவது மற்றொரு பணி. 1977 முதல் கிரிகோரியன் பல்கலைக்கழகத்தில் தொடக்க நிலையிலிருந்து உயர்நிலை வரை எல்லா வகுப்புகளையும் அவரே எடுத்தார். கட்டணம் செலுத்தாதவர்களையும் கணக்கின்றி உட்கார வைத்தார் என்பதால் 2006இல் அங்கு அவருடைய பணி முடிவுக்கு வந்தது. நிறுவனத்துக்கென்று சில விதிகள் இருந்தாக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கற்க வந்தவனிடம் பணம் இல்லை என்பதற்காக அவனை வாசலில் நிறுத்த மறுத்தவர் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. 1985இல் அவர் தொடங்கிய எட்டு வாரக் கோடை வகுப்புக்கும் கட்டணமே இல்லை. பகல் முழுவதும் பாடம், மாலையில் மடத்துத் தோட்டத்தில் ‘மரங்களின் கீழ்’ என்று பெயரிட்ட வாசிப்பு. நகரமும் சுற்றுப்புறமும் அவருக்கு வகுப்பறையாகவே இருந்தன. மார்ச் 15 அன்று ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட வரலாற்றை அது நிகழ்ந்த நகரத்தின் தெருக்களில் நடந்தபடியே மூல வாசகங்களில் படித்தார்கள். அகஸ்டின் தம் தாய் மோனிக்காவின் மரணத்தைச் சொல்லும் பகுதியை, அத்தாய் உயிர்நீத்த, ரோமுக்கு அருகிலுள்ள ஓஸ்தியாவுக்கே சென்று படித்தார்கள்.

அவரிடம் கடுமையும் இருந்தது. தயாரிக்காமல் வந்தவரை எல்லோர் முன்னிலையிலும் உரத்த குரலில் கண்டிப்பார் என்றும், திருச்சபையின் ஆடம்பரத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசிப் பலரைச் சங்கடப்படுத்தினார் என்றும் அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கூச்ச சுபாவம் உள்ள மாணவர் சிலர் அந்தக் குரலுக்கு அஞ்சி விலகியிருக்கலாம். அதை நான் குறையாகவே கருதுகிறேன். எனினும், பண்டைய ரோமில் படிப்பறிவற்றவரும் பிச்சைக்காரரும் பேசிய மொழியை நீ ஏன் கற்க முடியாது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டதன் உள்ளே இருந்தது மாணவனின் மேல் இருந்த நம்பிக்கை.

2008இல் உடல்நலம் கடுமையாகக் குன்றியது. மறு ஆண்டு மில்வாக்கிக்குத் திரும்பிய அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்துகொண்டே மீண்டும் வகுப்பைத் தொடங்கினார். அங்கும் கட்டணம் இல்லை. அவரிடம் ரோமில் படித்தவர்கள் 2010இல் தொடங்கிய பைதேயா நிறுவனம் ரோமிலேயே மூல வாசகங்களைப் படிக்கும் கோடை வகுப்புகளைத் தொடர்ந்து நடத்துகிறது. இன்னும் பலர் பள்ளிகளிலும் மடங்களிலும் கல்லூரிகளிலும் இலத்தீன் கற்பிக்கிறார்கள். ‘எலும்புகளின் மேல் சதை’ என்ற பொருள்படத் தலைப்பிட்ட இரண்டாம் நூல், முழுக்கச் சிசரோவின் கடிதங்களைக் கொண்டு அமைந்தது, அவர் மறைந்த பின் 2021இல் வெளிவந்தது.

அந்தக் கடிதங்களில்தான் இப்போது இருக்கிறேன். சிசரோ காலத்துக் கடிதங்கள் சில ‘சி வாலெஸ், பெனே எஸ்த்; எகோ வாலேயோ’ என்று தொடங்கும். ‘நீ நலமெனில் நல்லது, நான் நலம்’ என்பது பொருள். வழக்கம் ஊறிப்போனதால் முதலெழுத்துகளை மட்டும் எழுதி விட்டுவிடுவதும் உண்டு. ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதிப் பழகிய எனக்கு அந்த வரியை முதன்முறை அகராதியின் துணையின்றிப் படித்தபோது கண்ணில் நீர் வந்தது.

வாரந்தோறும் சனிக்கிழமை மாலை நண்பர்கள் இருவர் என்னோடு இணையவழியில் இலத்தீன் படிக்கிறார்கள். கி.மு. 50இல், தம் செயலர் தீரோ நோயுற்றுப் பத்ராஸ் நகரில் தங்கிவிட, வழிநெடுகச் சிசரோ அவருக்கு எழுதிய கடிதங்களுள் ஒன்றை இந்த வாரத்துக்கு எடுத்திருக்கிறேன். அதற்கு ஒரு ‘லூதுஸ்’ தயாரித்து நேற்றிரவு அனுப்பினேன். முதல் கேள்வி, இந்தக் கடிதம் ஒருவருக்கு அல்லாமல் இருவருக்கு எழுதப்பட்டிருந்தால் எந்தெந்தச் சொற்களின் இறுதி மாறும் என்பது.