திரள்நிதியில் வரும் லினக்ஸ் கைபேசி: பணம் கட்டலாமா?

கேள்வி: கொக்குவிலில் வசிக்கும் பல்கலைக்கழக மாணவன் நான். மடிக்கணினியில் லினக்ஸ்தான் பாவிக்கிறேன். நிரலை எவரும் பார்க்கக்கூடிய திறமூல லினக்ஸ் கைபேசி ஒன்றைத் தயாரிப்பதற்காக வெளிநாட்டுக் குழுவொன்று இணையத்தில் திரள்நிதி, அதாவது பலரிடமிருந்து முன்பணம், சேர்க்கிறது. 449 டொலர் கட்டினால் பத்து மாதத்தில் கருவி கிடைக்கும் என்கிறார்கள். இலங்கைக்கு அனுப்புவதில்லை என்பதால் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவின் முகவரியைக் கொடுக்க எண்ணியிருக்கிறேன். இணைவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கட்டலாமா?

பதில்: கருவி கைக்கு வராமலே போனாலும் அந்தப் பணத்துக்காக வருந்தமாட்டீர்கள் என்றால் கட்டுங்கள். அன்றாடம் பாவிக்க ஒரு கைபேசி வேண்டும் என்பதற்காக என்றால் வேண்டாம். திரள்நிதியைச் சீட்டுக் கட்டுவதுபோல் எண்ணிக்கொள்பவர்கள் பலர். சீட்டில் முறை எப்படியும் ஒருநாள் வந்துசேரும், இங்கே அந்த நிச்சயம் இல்லை.

நடந்தவற்றைப் பார்த்தால் இது விளங்கும். 2013 யூலையில் உபுண்டு லினக்ஸைத் தயாரிக்கும் கனொனிக்கல் நிறுவனம் உபுண்டு எட்ஜ் என்ற கைபேசிக்காக 3 கோடி 20 இலட்சம் டொலர் கேட்டது. ஒரு மாதத்தில் ஏறத்தாழ 1 கோடி 28 இலட்சம் டொலருக்கு வாக்குறுதிகள் சேர்ந்தன. இலக்கை எட்டாவிட்டால் பணம் திரும்பும் என்ற ஏற்பாட்டில் நடந்ததால் ஒருவருக்கும் நட்டமில்லை, கைபேசியும் பிறக்கவில்லை. 2014 இன் இறுதியில் பின்லாந்தின் ஜொல்லா நிறுவனம் செயில்பிஷ் இயங்குதளம் கொண்ட டப்லெட் ஒன்றுக்கு 3 இலட்சத்து 80 ஆயிரம் டொலர் கேட்டு, அதைப்போல் பல மடங்கு தொகையைப் பெற்றது. அடுத்த ஆண்டு இறுதியில் நிறுவனம் நிதி நெருக்கடியில் விழ, பணம் கட்டியவர்களில் சில நூறு பேருக்கு மட்டுமே கருவி போய்ச் சேர்ந்தது. முன்னது தோல்வி, பின்னது வெற்றி என்றுதான் திரள்நிதிக் கணக்கு சொல்லும். பணம் கட்டியவரின் கணக்கு அதற்கு நேர் எதிரானது.

உங்கள் நிலைக்கு மிக நெருங்கிய உதாரணம் லிப்ரம் 5. அமெரிக்காவின் பியூரிசம் நிறுவனம் 2017 ஓகஸ்டில் 15 இலட்சம் டொலர் இலக்குடன் தொடங்கி 20 இலட்சத்துக்கும் மேல் சேர்த்தது. ஒரு கருவியின் விலை அப்போது 599 டொலர், தருவதாகச் சொன்ன காலம் 2019 ஜனவரி. முதற்தொகுதி அதே ஆண்டு செப்டெம்பரில்தான் வெளிவந்தது, பெருந்தொகை உற்பத்தி 2020 நவம்பர்வரை தள்ளிப்போனது, வரிசையில் பின்னால் நின்றவர்கள் அதற்குப் பிறகும் நெடுங்காலம் காத்திருந்தார்கள். கருவி போலியல்ல. வலையமைப்பு, வைஃபை, கமராவும் ஒலிவாங்கியும் ஆகிய ஒவ்வொன்றையும் மின்னோட்டத்திலிருந்தே துண்டிக்கும் மூன்று ஆளிகள் அதில் உண்டு, பற்றரியைக் கழற்றி மாற்றலாம், மொடத்தைக்கூடக் கழற்றலாம். ஆயினும் அதன் பிரதான சில்லான ஐ.எம்எக்ஸ் 8எம் கைபேசிக்கென வடிவமைக்கப்பட்டதல்ல என்பதால் சூடும் பற்றரிச் செலவும் தீராத தலைவலியாகின.

இவ்வளவு தாமதத்துக்கும் காரணம் என்ன? உலோகக் கூட்டையும் திரையையும் பணம் கொடுத்தால் செய்து தரப் பல தொழிற்சாலைகள் இருக்கின்றன. சில்லுகளை இயங்குதளம் பாவிக்க உதவும் மென்பொருளான இயக்கிகள்தான் கடினம். வழமையான கைபேசிச் சில்லுகளோடு அவற்றைத் தயாரிப்பவர் தருவது அன்ட்ரொய்டுக்கென வெட்டி ஒட்டிய பழைய கேர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஒன்று. சில ஆண்டுகளில் அது கைவிடப்படும். உண்மையான லினக்ஸ் கைபேசிக்கு அந்தச் சில்லின் ஆதரவு பிரதான கேர்னலிலேயே சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், அந்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆகவே நீங்கள் பார்க்கும் பக்கத்தில் முதலில் தேட வேண்டியது சில்லின் பெயரையே. அந்தப் பெயர் பிரதான கேர்னலில் ஏற்கெனவே இருந்தால், மாதிரிக்கருவி ஒன்று அழைப்பு எடுப்பதைக் காணொளியில் காட்டியிருந்தால், பத்து மாதம் என்பது பதினெட்டு மாதமாகலாம் என்ற அளவில் நம்பலாம். கணினியில் வரைந்த அழகான படங்கள் மட்டுமே இருந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அடுத்தது மொடம். திறமூலம் என்ற சொல் பொதுவாக அதன் வாசலோடு நின்றுவிடுகிறது. வலையமைப்போடு பேசும் மொடத்தின் உள்மென்பொருள் மூடியதாகவே வரும். பைன்64 குழு 2020 ஜனவரியிலிருந்து, திரள்நிதி எதுவும் திரட்டாமல், 150 டொலர் அளவில் விற்ற பைன்போனில் குவெக்டெல் நிறுவனத்தின் மொடம் ஒன்று இருந்தது. உறக்கத்திலிருக்கும் கைபேசிக்கு அழைப்பு வந்தால் மொடம் பிரதான சில்லைத் தட்டியெழுப்ப வேண்டும், கேர்னல் விழிக்க வேண்டும், அதன் பிறகே அழைப்புச் செயலி மணியடிக்கும். இடையில் கழியும் அந்தச் சில விநாடிகளில் எதிர்ப்பக்கத்தவர் அழைப்பை வைத்துவிடுவதும் உண்டு. உறங்கவிடாமல் வைத்திருந்தால் பற்றரி மாலைவரை தாங்காது. லினக்ஸ் கைபேசியோடு வாழ்வதென்பது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் வாழ்வதுதான்.

இங்குள்ள நிலைமையைப் பொறுத்தவரை, எங்கள் வலையமைப்புகளின் 4ஜி சேவையில் 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முக்கியமானது. வட அமெரிக்காவுக்கென வேறு மொடப் பதிப்பும் ஏனைய நாடுகளுக்கென வேறு பதிப்பும் விற்கப்படுவது வழக்கம். அண்ணாவின் முகவரியைக் கொடுத்தால் கனடாவுக்குரிய பதிப்பே அவரிடம் போய்ச் சேரக்கூடும். எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 4ஜி வழியாகக் குரல் அழைப்பு எடுக்கும் வோல்ட்டீ வசதிக்கு வலையமைப்பின் அமைவுகள் மொடத்தில் பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் அழைப்பு பழைய வலையமைப்புக்கு இறங்கும், அல்லது எடுபடாது. 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டிய வீடொன்றில் இதை ஒரேயொரு கைபேசியாக வைத்திருக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

வங்கிச் செயலிகளையும் எண்ணிப் பாருங்கள். வேய்ட்ரொய்ட் என்ற மென்பொருளின் உதவியுடன் அன்ட்ரொய்ட் செயலிகள் பலவற்றை லினக்ஸ் கைபேசியில் இயக்கலாம். ஆனால் கூகுளின் சான்று பெற்ற கருவியா என்று சோதிக்கும் வங்கிச் செயலிகள் அங்கே திறக்க மறுக்கும். கடைகளில் லங்காகியூஆர் குறியீட்டைச் செயலியால் படித்துப் பணம் செலுத்துபவராக நீங்கள் இருந்தால் பழைய அன்ட்ரொய்ட் கைபேசியும் பையில் இருக்கத்தான் வேண்டும்.

தமிழைப் பற்றிக் கவலை வேண்டாம். மேசைக்கணினி லினக்ஸில் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் அதே ஹார்ஃப்பஸ் நிரல் நூலகமே இங்கும் பாவிக்கப்படுவதால் கொம்பும் காலும் பிரிந்து தெரியாது. லினக்ஸ் கைபேசிகளுக்கான போஷ் என்ற இடைமுகத்தோடு பாவிக்கக்கூடிய திரை விசைப்பலகைகளில் ஒன்றான ஸ்குவீக்போர்ட் தன் விசை அமைப்புகளைச் சாதாரண உரைக்கோப்புகளில் வைத்திருக்கிறது. பாமினி முறையில் பழகிய கைக்கு ஏற்ற விசைப்பலகை ஒன்றை நீங்களே ஒரு மாலையில் எழுதிவிடலாம்.

கொண்டுவருவது தனி வேலை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 2025 ஜனவரி 28 இற்குப் பின்னர் புதிதாக வரும் கருவிகளில் ஐஎம்இஐ என்ற தனி அடையாள இலக்கம் பதியப்படாதவை உள்ளூர் வலையமைப்புகளில் இயங்கமாட்டா என அறிவித்திருந்தது. வெளிநாட்டிலிருந்து தனிப்பட்ட முறையில் கொண்டுவரும் கருவியை எப்படிப் பதிவது என்பதை அண்ணா விமானமேறும் முன்பே ஆணைக்குழுவிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பொதியாக வந்தால் சுங்கத்தில் 18 சதவீத வற் வரியையும் கணக்கில் சேருங்கள்.

இவ்வளவையும் படித்த பின்னும் இத்தகைய முயற்சிகளுக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்பீர்கள். என் கணிப்பில், இந்தக் கருவிகள் சந்தையில் அன்ட்ரொய்டுக்குப் போட்டியாக வரப்போவதில்லை, மென்பொருள் நிலைக்கும். லிப்ரம் 5 இற்காகக் கட்டப்பட்ட பணத்தில் பிறந்த போஷ் இன்று வேறு பல கைபேசிகளில் ஓடுகிறது. அதே முயற்சியில் எழுதப்பட்ட லிப்ஹாண்டி நூலகம் பின்னர் லிபட்வைற்றாவாக வளர்ந்தது. உங்கள் மடிக்கணினியில் க்னோம் என்ற திரை இடைமுகம் இருந்தால் அதன் செயலிகளின் சாளரங்களில் அதைத் தினமும் காண்கிறீர்கள். கைபேசிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களின் பணம் அதுவரை இப்படி நிரலாக மாறிக்கொண்டிருந்தது. ஆகவே அந்தக் குழுவின் நிரல் ஏற்கெனவே பொதுவில் இருக்கிறதா, அண்மையில் அதில் வேலை நடந்திருக்கிறதா என்று பாருங்கள். வெற்றிடமாக இருந்தால் உங்கள் 449 டொலர் நிரலாகக்கூட மாறாது.

மூன்று வாரம் போதுமான அவகாசம். 2018 இல் வெளிவந்த ஒன்பிளஸ் 6 அல்லது போக்கோ எஃப்1 கைபேசி ஒன்றைப் பாவித்த நிலையில் தேடி வாங்கி, அதில் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் என்ற கைபேசி லினக்ஸை நிறுவுங்கள். அதற்காக, இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறக்கும்போது உள்ளிருப்பது முழுவதும் அழிந்துவிடும். அழைப்பின் ஒலியும் கமராவும் அன்ட்ரொய்டில் இருந்ததுபோல் இயங்கும் என எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் சிம்மை அதில் போட்டு ஒரு கிழமை வகுப்புக்குக் கொண்டுபோய் வாருங்கள். அதன் பிறகும் ஆசை குறையாவிட்டால், இலக்கை எட்டாவிட்டால் பணம் அறவிடப்படாது என்ற நிபந்தனை அந்தப் பக்கத்தில் உள்ளதா என்று பார்த்துவிட்டு, அண்ணாவின் அட்டையில் அல்லாமல் உங்கள் சொந்த அட்டையிலேயே கட்டுங்கள்.