குடு மானுக்கு .308 போதுமா, .375 வேண்டுமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் ஏர்வாடி. நமீபியாவின் வால்விஸ் பே துறைமுகத்தில், மீன் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறேன். பண்ணை வைத்திருக்கும் நண்பர் குடு, ஜெம்ஸ்பாக் என்னும் பெரிய ஆப்பிரிக்க மான்களின் வேட்டைக்குக் கூப்பிடுகிறார். அவரிடம் .308 வின்செஸ்டர், .375 ஹெச் அண்ட் ஹெச் என்ற இரண்டு ரைஃபிளும் உண்டு. பெரிய தோட்டா என்றால் மான் விழுந்தே தீரும் என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். எதை எடுப்பது? லீவில் வரும்போது சாயல்குடியில் மாமாவின் 12 போர் துப்பாக்கியில் பழகிக்கொள்ளலாமா?

பதில்: .308ஐ எடுங்கள்.

நமீபியச் சட்டம் குழல்வாயில் குண்டுக்கு இருக்கும் ஆற்றலைப் பார்க்கிறது. ஸ்பிரிங்பாக் போன்ற சிறு மானுக்குக் குறைந்தது 1,350 ஜூல். குடு, ஜெம்ஸ்பாக்குக்கு 2,700. எருமை, யானைக்கு 5,400. .308இல் 180 கிரெயின் (சுமார் 11.7 கிராம்) குண்டு சுமார் 3,700 ஜூல் தரும். .243 என்ற சிறிய ரைஃபிளின் வழக்கமான 100 கிரெயின் தோட்டா 2,640 அளவில் நின்றுவிடும், அதனால் குடுவுக்கு ஆகாது. .375இன் 300 கிரெயின் குண்டு 5,700ஐத் தாண்டும். 1912இல் வந்த அந்தத் தோட்டா எருமைக்குப் பேர்போனது. 200 முதல் 300 கிலோ வரை எடையுள்ள குடு கிடாவுக்கு அவ்வளவு தேவையில்லை.

மான் விழுவது இரண்டு நுரையீரலுமோ இதயமோ துளைபடுவதால்தான். .308 குண்டின் விட்டம் 7.8 மி.மீ., .375க்கு 9.5 மி.மீ. வயிற்றில் பட்டால் இந்த ஒன்றே முக்கால் மி.மீ. உங்களைக் காப்பாற்றாது, அடிபட்ட மான் மைல் கணக்கில் ஓடி, வேதனையில் சாகும். பழைய யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல், .308ஐவிடச் சிறிய குண்டு போடும் 7×57 மவுசரில் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தியது, மூளை எங்கே இருக்கிறது என்பதை அவர் துல்லியமாக அறிந்திருந்ததால். இன்றைய சட்டத்தில் யானைக்கு அந்தத் தோட்டா செல்லாது என்பது வேறு விஷயம்.

குண்டின் விட்டத்தைவிட அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைக் கவனியுங்கள். மெல்லிய உறை போட்ட சாதா ஈயக் குண்டு கிட்டத்தில், முழு வேகத்தில் தோள் எலும்பில் பட்டால் சிதறிவிடும், நுரையீரல்வரை போகாது. உறையோடு ஈயம் பிணைக்கப்பட்ட குண்டோ முழுச் செம்புக் குண்டோ வாங்குங்கள். 165 அல்லது 180 கிரெயின்.

ஜெம்ஸ்பாக்கில் பலர் தவறுவது உயரத்தில். அதன் தோள்மேடு தூக்கலாக இருக்கும், இதயமோ மார்பில் தாழ்வாக, முன்னால் இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டிலேயே, உடம்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவையுங்கள். உடம்பின் நடுவைப் பார்த்துச் சுடாதீர்கள்.

.375 வேண்டாம் என்பதற்கு முக்கியக் காரணம், சுடும்போது துப்பாக்கி தோளில் தரும் உதை. ஏறக்குறைய .308ஐப் போல இரண்டு மடங்கு. புதிதாகச் சுடுபவர் இரண்டு மூன்று தோட்டாவிலேயே பயந்து, விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடித் தோளை முன்னே தள்ளுவார். குண்டு தாழப் போகும். ஸ்கோப்பை (துப்பாக்கி மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியை) ஒட்டிக் கண்ணை வைத்தால் புருவமும் கிழியும். சுமார் 9 செ.மீ. இடைவெளி வேண்டும். பயம் இருக்கிறதா என்று பார்க்க, நண்பரிடம் சொல்லி இடையிடையே போலித் தோட்டாவைப் போடச் சொல்லுங்கள். வெடிக்காதபோது குழல் முனை துள்ளினால், அன்றைய பயிற்சியை நிறுத்துங்கள். நாளை எருமைக்கோ, புதருக்குள் கோணலாக நிற்கும் ஈலண்டு என்ற மிகப் பெரிய மானுக்கோ போனால் .375 நல்ல துணைதான், உதை பழகிய பிறகு.

200 மீட்டரில் குறி சரியாகப் படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த .308இல் 300 மீட்டரில் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் தாழும். மணிக்கு 16 கி.மீ. பக்கக் காற்று அங்கே கிட்டத்தட்ட இன்னொரு சாண் ஒதுக்கும். ஆடிக் கச்சானில் வளர்ந்த உங்களுக்குக் காற்றின் கை தெரியும், ஆனாலும் முதல் வேட்டையில் 150 மீட்டரைத் தாண்ட வேண்டாம். முக்காலிக் கோலில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுங்கள்.

மாமாவின் துப்பாக்கியைத் தொடாதீர்கள். மிளகாய்க் கொல்லையைக் காக்க அவர் பெயரில் கொடுத்த உரிமம் உங்கள் பயிற்சிக்குச் செல்லாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்தியாவில் வேட்டைக்கே தடை. ஸ்கோப் இல்லாத 12 போரில் பழகுவது ரைஃபிளுக்கு உதவவும் செய்யாது. நமீபியாவில் நண்பரின் பண்ணையிலேயே, அதே .308இல், துப்பாக்கியின் தோட்டா அறையில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, தினம் இருபது முறை வெறும் விசை இழுத்துப் பழகுங்கள். பிறகு வேட்டைக்கு வாங்கிய அதே தோட்டாவில் இருபது சுட்டு, 100 மீட்டரில் முக்காலிக் கோலிலிருந்து எல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகிறதா பாருங்கள். விழாவிட்டால் மானைத் தேடிப் போக இன்னும் நாள் ஆகவில்லை.