சவப்பெட்டி வாங்கப் போனவர்கள்

அன்புள்ள ஐயா,

சீனத் தாவோ சித்தர் வெய் போயாங்கின் கதையைப் படித்தேன். மலையில் சாகாமருந்து செய்து முதலில் நாய்க்குக் கொடுக்கிறார். நாய் செத்துவிடுகிறது. பிறகு அவரே விழுங்கிச் சாய்கிறார். ஒரு சீடர் குருவை நம்பி விழுங்கி, அவரும் விழுகிறார். மற்ற இருவர் சவப்பெட்டி வாங்க மலையிறங்கியதும் குரு எழுந்து, சீடரையும் நாயையும் எழுப்பிக் கூட்டிப் போகிறார். அந்த நம்பிக்கை நமக்கு ஏன் இல்லை? சூ ஃபூ ஜப்பான் போனது உண்மையா? போகர் சீனரா? என் அப்பா சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டு ஒருவர் தரும் செந்தூரப் பொடியை மருந்தாகச் சாப்பிடுகிறார். அவருக்கு அந்தச் சீடரின் மனம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

போகர் இருக்கட்டும். சூ ஃபூவைக் கி.மு. 219இல் சீனப் பேரரசர் சின் ஷி ஹுவாங் சாகாமருந்து தேடக் கடலுக்கு அனுப்பினார். ஜப்பானில் ஷிங்கூ ஊரில் அவர் சமாதி என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். அதற்கு மேல் சான்று கிடையாது.

உங்கள் கடைசி இரண்டு வரிகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் அப்பாவுக்கும் ஒருவர் கொடுத்தார். செய்தித்தாளில் மடித்த பொட்டலம், குங்குமத்தைவிடக் கொஞ்சம் கருத்த பொடி. அம்மா தேனில் குழைத்து மோதிர விரலால் அவர் நாக்கில் தடவுவார். பத்தாம் நாள் வாயெல்லாம் புண், ஈறில் ரத்தம். நான்தான் போய்க் கேட்டேன். “கழிவு வெளியேறுது தம்பி, நல்லதுதான்” என்றார் அவர். வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அப்பா தலையாட்டிவிட்டு வாயைத் திறந்தார்.

சீனத்தின் தாங் பேரரசர் வூசோங் சாகாமருந்துக் குளிகை தின்று நோயில் விழுந்தபோது, அரண்மனைத் தாவோ குருமார் சொன்னது என்ன தெரியுமா? “எலும்பு மாறுகிறது.” 846இல் செத்தார், வயது 31. அடுத்து வந்த சுவான்சோங், அந்தக் குருமாரில் பெரியவரான சாவ் குய்சென்னைக் கொன்றார். கொன்றவரே பின்னால் குளிகை தின்று 859இல் போனார். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த செந்நிறச் சாதிலிங்கம்தான் அந்தக் குளிகைகளில் பலவற்றுக்கு மூலப்பொருள். உடம்பு “போதும்” என்று கதறுவதையே மருந்து பிடிப்பதாகச் சொல்லிக் கொடுத்தால் அப்புறம் யார்தான் நிறுத்துவார்கள்?

நாய் செத்ததைப் பார்த்த பிறகும் விழுங்கியவரைக் கொண்டாடுகிறீர்களே, உங்களுக்குக் கோபமே வரவில்லையா? அந்த இரண்டு பேரும் குருவின் உடல் காட்டில் கிடக்கக் கூடாது என்றுதான் இறங்கினார்கள். கண்ணால் கண்டதை நம்பினார்கள். கதை அவர்களை வருந்தவைக்கிறது: குரு ஒரு விறகுவெட்டியிடம் கடிதம் கொடுத்தனுப்ப, அதைப் பார்த்து நொந்துபோகிறார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த இடம் கசக்கிறது. எங்கள் வீட்டில் அப்படி ஒருவராவது இருந்திருக்கலாம்.

சரி. நாளைக் காலையிலேயே அப்பாவை அவர் முன்பு பார்த்த டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பழைய சீட்டையும் மிச்சமிருக்கும் பொட்டலத்தையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் திட்டினால் திட்டட்டும். போய் வந்ததும் எழுதுங்கள். போகரைப் பற்றி அப்போது பேசுவோம்.