வீட்டில் வார்த்த கனமான ஈயக் குண்டுகள் பெரிய வாய் வேட்டைத் துப்பாக்கிக்குச் சரிப்படுமா?

கேட்டிருப்பவர் தேவகோட்டைக்காரர், இப்போது டெக்சாஸில் வேலை. 45-70 என்ற பழைய அமெரிக்கத் தோட்டாவைச் சுடும் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். தானே வார்த்த 405 கிரெய்ன் (குண்டை நிறுக்கும் சிற்றெடை) குண்டுகள் தாறுமாறாகப் போகின்றன, குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்கிறது, 500 கிரெய்னுக்கு மாறினால் சரியாகுமா என்பது கேள்வி. ஊருக்கு வரும்போது இங்கேயும் வார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, கனத்தைக் கூட்டி இதைத் தீர்க்க முடியாது. குண்டு குழலுக்குப் பொருந்தவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதே இடத்தில் நான் ஒரு வருடம் முழுவதும் தடுமாறி நின்றேன்.

மொண்டானாவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். அங்கே இது சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு. என்னிடமும் 45-70தான் இருந்தது. ஐம்பது மீட்டரில் வைத்த காகிதத்தில் வட்டமாக விழவேண்டிய துளை சாவித்துவாரம் போல நீளமாக விழுந்தது. குண்டு பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது என்று அர்த்தம். குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால், குண்டைச் சுழலவைக்க வெட்டியிருக்கும் புரிகளின் ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் ஈயத்தகடு. ஈயம் மென்மையாக இருப்பதுதான் காரணம் என்று நினைத்து, அச்சுக்கோக்கும் எழுத்துலோகத்தைக் கலந்தேன். அதில் ஈயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 சதவீதம். உலோகக் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் 22. பிரச்சினை இன்னும் மோசமானது.

சுடுதளத்தில் ஒரு முதியவர் மென்மையான தூய ஈய உருண்டை ஒன்றைக் கொடுத்தார். எண்ணெய் தடவி, மரக்கோலால் தட்டித் தட்டி அதைக் குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளச் சொன்னார். வெளியே வந்ததை மைக்ரோமீட்டரில் அளந்தோம். என் குழலின் புரிப்பள்ளம் 0.459 அங்குலம். நான் சுட்டுக்கொண்டிருந்த குண்டு 0.458. வித்தியாசம் ஒரு தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் வெடிமருந்தின் கொதிக்கும் வாயுவுக்கு அந்த இடைவெளியே தாராளம். குண்டின் ஓரத்தை அரித்து உருக்கிக் குழலில் பூசிவிடுகிறது. கடினமான குண்டு இன்னும் மோசமானதற்கும் இதுதான் காரணம்: மென்மையான ஈயமாவது பின்னாலிருந்து வரும் அழுத்தத்தில் சற்று விரிந்து பள்ளத்தை அடைத்துக்கொள்ளும், கடினமானது விரியாது. 0.460 குண்டு எடுத்தேன், மூன்றே வாரத்தில் எல்லாம் மாறிவிட்டது. குண்டு புரிப்பள்ளத்தின் அளவைவிட, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ பெரிதாக இருக்கவேண்டும் என்பதுதான் விதி. கடினம், கனம், வேகம் எல்லாம் அதற்குப் பிறகு.

கலவையைப் பற்றி எழுதும்போது என் ஐயாவின் நினைவு வந்துவிடுகிறது. மலாயாவின் பேராக்கில் ரப்பர்த் தோட்டம் பார்த்தவர். காட்டுப் பன்றியும் யானையும் இளங்கன்றுகளை அழித்ததால் தோட்டத்தில் ஒரு துப்பாக்கி இருந்தது. ஊருக்குக் கப்பலேறும் முன் துப்பாக்கி, குண்டு வார்க்கும் அச்சு எல்லாவற்றையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டார். பள்ளத்தூர் வீட்டில் எஞ்சியது அவருடைய கணக்குப் பேரேடு மட்டும். வட்டிக் கணக்குகளுக்கு நடுவே ஒரு வரி: காரீயம் இருபது பங்குக்கு வெள்ளீயம் ஒரு பங்கு. பேராக் வெள்ளீயச் சுரங்கங்களின் நாடு, அவருக்கு அது கைக்கெட்டும் பொருள். கறுப்பு வெடிமருந்துக் காலத்துத் துப்பாக்கிகளுக்கு உலகெங்கும் புழங்கிய கலவைகளில் அதுவும் ஒன்று என்று மொண்டானாவில்தான் தெரிந்துகொண்டேன். தூய காரீயத்தின் கடினம் 5, இந்தக் கலவையினுடையது 10. உங்கள் 45-70க்கு, வினாடிக்கு 400 மீட்டர் வேகத்துக்கு, இது போதும். அதற்கு மேல் ஓட்டினால் குண்டின் அடியில் சிறு செப்புக் கிண்ணம் மாட்டவேண்டும்.

காரீயம், வெள்ளீயம் வேறுபாடு நம் வீடுகளில் சொல்லித்தர வேண்டியதில்லை. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். உள்ளே தண்ணீர் இல்லாமல் அடுப்பில் ஏற்றினால் உருகிவிடும் என்று அப்பத்தா எச்சரித்துக்கொண்டே இருப்பார். அது உருகுவது 232 பாகை செல்சியஸில், காரீயம் 327 பாகையில். வார்ப்பில் வெள்ளீயம் கடினத்தோடு இன்னொன்றும் செய்கிறது: உருகிய உலோகத்தை அச்சின் ஒவ்வொரு மூலைக்கும் ஓடவைக்கிறது. அச்சு சூடேறாதபோது விழும் முதல் பத்துக் குண்டுகள் முதியவரின் தோல் போலச் சுருங்கியிருக்கும். தயங்காமல் சட்டியில் திருப்பிப் போடுங்கள். சூடு மிஞ்சினால் பனி படர்ந்ததுபோல வெளுக்கும். இரண்டுக்கும் நடுவே, குண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களின் விளிம்பு கத்திபோல் நிற்கும் குண்டுதான் நல்ல குண்டு.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஈரம் காயாத கரண்டியை ஒருமுறை சட்டிக்குள் விட்டுவிட்டேன். கரண்டியிலிருந்த தண்ணீர் நொடியில் ஆவியாகி, அரைச்சட்டி ஈயம் கூரைவரை தெறித்தது. மூக்குக் கண்ணாடியில் ஆறு வெள்ளிப் புள்ளிகள். கண்ணாடி இல்லையென்றால் கண் போயிருக்கும். நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்தாலும் ஆபத்து. பழைய பேட்டரி ஈயத்தைத் தொடவே வேண்டாம். அதில் ஆர்செனிக் கலந்திருக்கலாம், கசடிலிருந்து நச்சு வாயு வரக்கூடும். கசடும் தூசியும் கையிலிருந்து வாய்க்குப் போவதுதான் அன்றாட ஆபத்து. குழந்தைகளுக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள், அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

இனி கனம். 405 கிரெய்ன் என்பது மூன்றேகால் பவுன் எடை, 500 கிரெய்ன் நான்கு பவுன். 1873இல் அமெரிக்க ராணுவம் இந்தத் தோட்டாவை எடுத்தபோது குண்டு 405தான். 500 பிறகு வந்தது. கனமான குண்டு மெதுவாகப் போனாலும் வேகத்தை எளிதில் இழக்காது, முனை தட்டையாக இருந்தால் பெரிய விலங்கின் உடலை ஊடுருவிச் செல்லும். 1870களில் பைசன் வேட்டைக்காரர்கள் கூடாரத்தில் தாங்களே வார்த்துக்கொண்டது இப்படிப்பட்ட குண்டுகளைத்தான். ஆனால் 500 நீளமான குண்டு, நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் பல துப்பாக்கிகளில் தோட்டா அறைக்குள் ஏறாது. தோளிலும் பலமாக இடிக்கும். 405ஐயே சரிசெய்யுங்கள். 458 வின்செஸ்டர் மேக்னம் போன்ற அதிவலுத் தோட்டாக்களுக்கு வார்ப்புக் குண்டு பயிற்சிக்கு அருமையானது. எருமை, யானை போன்ற திருப்பித் தாக்கும் விலங்கு முன்னால் நின்றால் உலோக உறையிட்ட திடக் குண்டைத் தவிர வேறெதையும் நம்பமாட்டேன்.

தேவகோட்டையில் வார்க்கலாமா? கூடாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டாவோ அதன் பாகமோ தயாரிப்பது சிறைக்குரிய குற்றம். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் தயாரிக்கும் உரிமம் ஆகாது. வேட்டையை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுத்திருக்கிறது. அச்சையோ குண்டையோ பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்.

இந்த வாரமே ஈய உருண்டையைக் குழலில் தள்ளி அளந்து, அந்த எண்ணையும் உங்கள் குண்டின் விட்டத்தையும் இங்கே எழுதுங்கள். எந்த அளவு அச்சு வாங்குவது என்று சொல்கிறேன்.