படுக்கையிலேயே இருக்கும் பெருமூளை வாதக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும்?

உங்கள் மகளுக்கு 8 வயது, எடை 14 கிலோ, கை கால் நான்கிலும் விறைப்பு, தானாக உட்கார முடியாது. அட்டவணையில் 1,700 கலோரி என்று இருக்கிறது, அதில் பாதிகூட உள்ளே போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. இதே நிலையில் இருக்கும் 15 வயதுப் பையனின் அம்மா. எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் மருத்துவரிடம் பேச உதவும்.

முதலில் அந்த 1,700-ஐ மறந்துவிடுங்கள். அது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020 அட்டவணையில் 7 முதல் 9 வயதுக்குப் போட்டிருக்கும் எண். ஏறக்குறைய 25 கிலோ எடையில் ஓடியாடித் திரியும் பிள்ளைக்கானது. அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே நான் பல வருஷம் குற்றவுணர்ச்சியில் வெந்திருக்கிறேன்.

அதைவிட மோசம், ஒருமுறை அந்த எண்ணை நம்பியும்விட்டேன். பையனுக்கு 9 வயதில் 16 கிலோதான். விழுங்கும்போது புரையேறி அடிக்கடி நெஞ்சுச் சளி கட்டியதால் நேராக வயிற்றுக்குள் உணவு ஊற்றும் பெக் குழாய் வைத்தார்கள். அப்பாடா, இனி எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று 1,500 கலோரி வரைக்கும் ஏற்றினோம். எட்டே மாதத்தில் 22 கிலோ. சொந்தக்காரர்கள் எல்லாம் "பையன் தேறிட்டான்" என்றார்கள். கன்னமும் வயிறும்தான் தேறின. குளிக்கத் தூக்கியதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது, அவனுக்குப் படுத்தால் மூச்சு வாங்கியது.

புது டயட்டீஷியன் ஒருவர் பழைய 16 கிலோவை வைத்தே காகிதத்தில் போட்டுக் காட்டினார். 3 முதல் 10 வயதுப் பையன்களுக்கு எடையை 22.7-ஆல் பெருக்கி 495-ஐக் கூட்டினால், சும்மா கிடந்தாலே உடம்பு செலவழிக்கும் கலோரி வரும். அவனுக்கு 858. தசை விறைப்பாக இருந்தால் 1.1-ஆல் பெருக்க வேண்டும், துவண்டு கிடக்கும் பிள்ளையானால் 0.9-ஆல். படுக்கையிலேயே இருப்பவருக்கு மேலும் 1.15, சக்கர நாற்காலி என்றால் 1.2. ஆக 1,085. எடை கூட வேண்டுமென்றால், கூட வேண்டிய ஒவ்வொரு கிராமுக்கும் 5 கலோரி மேலே.

இன்னொரு வழி உயரத்தை வைத்து. நடக்க முடியாத, 5 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு சென்டிமீட்டருக்கு 11 கலோரி. கால் மடங்கி, முதுகு வளைந்த பிள்ளையை எப்படி நிமிர்த்தி அளப்பது? முட்டியை நேர்கோணத்தில் மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து முட்டிக்கு மேல்வரை அளக்க வேண்டும். அதை 2.69-ஆல் பெருக்கி 24.2 கூட்டினால் உயரம். அவனுக்கு முட்டி அளவு 29 செ.மீ., உயரம் 102.2, கலோரி 1,124. இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எட்டு மாதமாக தினம் நானூறு கலோரி கூடுதலாக ஊற்றியிருக்கிறோம்.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் "படுத்துதானே இருக்கு" என்று சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். பிசியோதெரபிக்கு வரும் இன்னொரு பையனும் பெருமூளை வாதம்தான், அவனும் நடக்க மாட்டான். ஆனால் கையும் கழுத்தும் முகமும் தூங்கும் நேரம் தவிர முறுக்கிக்கொண்டே இருக்கும். என் மகனைவிட எவ்வளவோ அதிகம் சாப்பிட்டும் எலும்பும் தோலுமாக இருக்கிறான். அவனிடம் இந்த 1.15 செல்லாது. காய்ச்சல் வந்தால் ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் செலவு கூடும். விறைப்புக்கு பேக்லோஃபென் என்ற மருந்து ஆரம்பித்தால் செலவு குறையலாம். வலிப்பு மாத்திரைகளில் வால்ப்ரோயேட் எடையை ஏற்றும், டோபிராமேட் பசியையே கொன்றுவிடும். மாத்திரை மாறினால் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

கலோரியைக் குறைத்தபோது நாங்கள் செய்த இன்னொரு தப்பு, ஊற்றும் பாலின் அளவை மட்டும் குறைத்தது. கூடவே புரதம், கால்சியம், இரும்பு, தண்ணீர் எல்லாமே குறைந்து மலச்சிக்கலில் பிள்ளை துடித்துப்போனான். தண்ணீரைத் தனியாகவும் சத்து மருந்துகளைத் தனியாகவும் எழுதி வாங்க வேண்டும்.

இனி உங்கள் மகள். பெண் குழந்தைக்கு எடை 22.5-ஆல் பெருக்கி 499 கூட்ட வேண்டும். 14 கிலோவுக்கு 814, விறைப்பும் படுக்கையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,030. இது இப்போதிருக்கும் எடையைத் தாங்கத்தான், தேறுவதற்கு இதற்கு மேல் வேண்டும். பாதிகூடப் போவதில்லை என்கிறீர்களே, அதை அளந்து பாருங்கள். மூன்று நாள் கிச்சன் தராசில் கிண்ணத்தை ஊட்டும் முன்னும் பின்னும் நிறுத்துங்கள், கழுத்தில் கட்டும் துண்டையும் சேர்த்து. குழாய்க்கு முன்பு நான் 200 கிராம் கஞ்சி ஊட்டியதாக நினைத்த வேளைகளில் 60 கிராம் துண்டில் இருந்தது.

உள்ளே போவது குறைவுதான் என்றால் அளவைக் கூட்டாமல் கனத்தைக் கூட்டலாம். ஒரு டீஸ்பூன் நெய்யில் 45 கலோரி இருக்கிறது. சத்துமாவுக் கஞ்சியில் கலந்தால் தெரியவே தெரியாது. ஆனால் ரொம்ப நாள் அரைவயிறாக இருந்த உடம்பு, ஒரேயடியாக ஏற்றாதீர்கள், மருத்துவர் சொல்லும் வேகத்தில் போங்கள். ஊட்டும்போது இருமல், கண்ணில் நீர், நெஞ்சில் கரகரப்பு இருந்தால் கலோரிக்கு முன்னால் விழுங்கும் சோதனை.

எடையை மாதம் ஒருமுறை ஒரே தராசில் பாருங்கள். 14 கிலோதானே, தூக்கிக்கொண்டு நின்று உங்கள் எடையைக் கழித்தால் போதும். எங்களுக்கு இப்போது அது முடியாது. தெருமுனை மாவு மில்லில் மூட்டை நிறுக்கும் தராசில் சக்கர நாற்காலியோடு ஏற்றுகிறோம். நாற்காலி மட்டும் 18 கிலோ.