வயலை ஈடு வைக்கும் முன் கணிதத் துறையின் அறிவிப்புகளை வாசியுங்கள்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி பொறியியலுக்குக் காணாது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில், கணிதமும் அடங்கும் பௌதிக விஞ்ஞானம் கிடைக்கும் போலிருக்கிறது. காசு கட்டியாவது கொழும்பில் இன்ஜினியரிங் படிக்கட்டும் என்று லண்டன் மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார். படுவான்கரை வயலை ஈடு வைக்கப் பேச்சு நடக்கிறது. மகளோ வந்தாறுமூலைக் கணிதத் துறையின் அறிவிப்புகளைப் போனில் காட்டி, இங்கேதான் போவேன் என்கிறாளாம். "கருத்தரங்கு, விருந்தினர் உரை, கணித தினம் எண்டுதான் கிடக்கு. இதில சோறு எங்க இருக்கு, சேர்?"

அம்மா, மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் நியமனம் கேட்டு உட்கார்ந்திருந்ததைக் கண்ட எவருக்கும் வரும் பயம்தான் இது. ஆறுதல் அவ்வளவுதான். வயலில் கை வைக்காதீர்கள். விருப்பமில்லாத பிள்ளை இரண்டாம் வருடத்தில் படிப்பை விட்டால் மாமா போனில் கவலைப்படுவார். வட்டி கட்டப்போவது நீங்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை, தகுதி இருந்தால் மகாபொல உதவித்தொகையும் கிடைக்கும்.

ஆசிரியர் நியமனம், வங்கி எல்லாம் உங்களுக்கே தெரியும். விடுகிறேன். உங்கள் கண்ணில் படாத வழி அந்த அறிவிப்புகளுக்குள்தான் இருக்கிறது.

விருந்தினர் உரை என்றால் மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தும் விழா அல்ல. வெளியிலிருந்து ஒருவர் வந்து, தான் இப்போது மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் கணக்கை ஒரு மணித்தியாலம் பலகையில் எழுதி விளக்குவார். முதல் பத்து நிமிடம் மாணவருக்குப் பிடிபடும். பிறகு தலை சுற்றும். விரிவுரையாளர்களுக்கும் சிலவேளை சுற்றும், வெளியே சொல்லமாட்டார்கள். மகள் எழும்பி வராமல் இருக்கட்டும். விளங்காத ஒரு சொல்லைக் குறித்துக்கொண்டு, தேநீர் நேரத்தில் பேச்சாளரிடம் போய், "இந்த எடுகோள் இல்லாவிட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்கட்டும். இப்படி நாலு தடவை கேட்ட பிள்ளையைத் துறையில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பின்னாளில் சிபாரிசுக் கடிதம் எழுதுபவரும் அவளை அறிந்து எழுதுவார்.

அந்தக் கடிதத்துக்கு எவ்வளவு பெறுமதி தெரியுமா? இத்தாலியின் திரியெஸ்தே நகரில், பாகிஸ்தானின் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய கோட்பாட்டுப் பௌதிகவியலுக்கான சர்வதேச நிலையம் (ICTP) இருக்கிறது. பெயரில் பௌதிகவியல் இருந்தாலும் கணிதத்துக்கும் அங்கே தனிப் பிரிவு உண்டு. எங்களைப் போன்ற நாட்டுப் பட்டதாரிகளுக்கென்றே ஒரு வருட முதுநிலை டிப்ளோமா நடத்துகிறார்கள். தெரிவானவருக்குக் கட்டணம் இல்லை, இருந்து படிக்கப் பணமும் தருகிறார்கள். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் கணிதக் கலாநிதிப் படிப்புக்கு எடுப்பவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, இளநிலை மாணவருக்கு வகுப்பெடுக்க விட்டு மாதப்படி கொடுக்கின்றன. இரண்டுக்கும் வயல் தேவையில்லை, அந்தச் சிபாரிசுக் கடிதம் தேவை. போட்டி கடுமை, அதை மறைக்கமாட்டேன்.

கணித தினம் என்பது யுனெஸ்கோ 2019இல் அறிவித்த மார்ச் 14. மே 12 கணிதத்தில் பெண்களுக்கான நாள். 2014இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான பீல்ட்ஸ் பதக்கத்தை வென்ற முதல் பெண், ஈரானின் மரியம் மிர்சாகானி பிறந்த தினம். மகள் இதை ஏற்கனவே அறிந்திருப்பாள், கேட்டுப் பாருங்கள்.

மகளுக்கும் இரண்டு கண்டிப்பான வார்த்தை. நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு ஆரம்ப வருடங்களின் பெறுபேற்றைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், ஆகவே முதலாம் வருடம் ஊர் சுற்ற அல்ல. படிப்பு ஆங்கிலத்தில், அனுமதி வரும்வரை கிடைக்கும் மாதங்களை டிக்டொக்கில் கரைக்காமல் ஆங்கிலத்துக்குக் கொடு. மூன்று வருடப் பொதுப்பட்டத்தை முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருப்பதுதான் திட்டமென்றால், அம்மாவின் பயம் நியாயமானது.

விண்ணப்பத்தில் தெரிவுகளின் வரிசையை மகளே நிரப்பட்டும். மாமாவுக்கு உதவ மனமிருந்தால் இப்போதைக்கு ஒரு மடிக்கணினி அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டிய ஆங்கிலப் பரீட்சையின் கட்டணத்தை நாலாம் வருடத்தில் கேட்கலாம்.